மணிலாச் சந்தையும் மந்த காலமும்

பண்டத்தின் விலை வீழ்ந்து பணப்புழக்கம் அருகிய காலத்தில், தொலைவிலுள்ளாரை நம்பி ஒருவன் வாணிகம் நடத்தி நிலைத்தல் கூடுமோ என்னும் வினா இந்நாளில் நம் இளைஞர் பலரால் எழுப்பப்படுகின்றது. கைப்பேசியிலேயே கடை விரித்து, முகமறியாதவர்க்குப் பொருள் அனுப்பும் அவர்கட்கு இவ்வினா புதிதாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களின் வாணிக வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இஃது ஒரு பழைய வினா என்பது விளங்கும். இப்பகுதியின் புன்செய்க் குடிகள், இணையம் பிறப்பதற்கு நூறாண்டுகட்கு முன்னரே, தாம் ஒருநாளும் கண்டிராத மார்செய் நகரத்தின் விலையைக் கொண்டு தம் விளைபொருளை விற்றவர்கள். 1930களின் பெருமந்தம் அவர்களை எவ்வாறு வருத்திற்று, அவ்வருத்தத்தினின்றும் பிறந்த ஏற்பாடுகள் யாவை, 2020ஆம் ஆண்டின் நெருக்கடியில் இணையவழிச் சந்தை எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

நிலக்கடலை என்று நூல்களில் எழுதப்படும் பயிரை நம் பக்கத்தார் மணிலா என்றும் மல்லாட்டை என்றுமே வழங்குவர். தென்னாற்காட்டின் செம்மண் மேடுகளிலும் மணற்பாங்கான கொல்லைகளிலும் மானாவாரியாக விளையத்தக்கது அது. நீரில்லாத நிலத்தில் கம்பும் வரகும் விளைத்து உண்டு வந்தவர்கட்குக் கையிற் காசு காட்டிய முதற்பயிர் அதுவேயென்னலாம். பிரான்சு நாட்டு மார்செய் நகரத்தின் எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் இதனைப் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக வாங்கத் தொடங்கியபின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தின் மணிலா வாணிகத்தில் தென்னாற்காடு தலைமை பெற்றது. 1870களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே சென்ற இருப்புப்பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டது. 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று புதுச்சேரிக்குக் கிளைப்பாதையும் திறக்கப்பட்டது. விழுப்புரம் பெரியதொரு சந்திப்பாக வளர்ந்தது அதன் பின்னரேயாம். இடையில் 1890களில் பழைய விதை நலிந்து விளைச்சல் குன்றியதும், கடல்கடந்து வந்த புதுவிதையால் பயிர் மீண்டதும் தனிக்கதை, அதனை விடுப்போம்.

மூட்டை செல்வதற்கு இருப்புப்பாதை வந்தது போலவே, செய்தி வருவதற்குத் தந்திக்கம்பியும் வந்தது. 1870ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் ஏடன் வழியாகச் சூயசுக்கும் இடையே கடலடிக் கம்பி இடப்பட்டது. அதன்பின் ஐரோப்பாவில் காலையில் ஏற்பட்ட விலைமாற்றம் சில மணிநேரத்திற்குள் இந்தியத் துறைமுகங்களில் தெரியலாயிற்று. ஆனால் துறைமுகத்தில் தெரிந்தது கிராமத்தில் தெரிந்ததா? இங்குத்தான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனியின் முகவரிடம் தந்தி இருந்தது. அவரிடமிருந்து செய்தி மண்டிக்காரருக்கு வந்தது. மண்டிக்காரரிடமிருந்து ஊர்தோறும் திரியும் சில்லறைக் கொள்முதல்காரருக்கு வந்தது. விலை ஏறியதாயின் அச்செய்தி மாட்டுவண்டி வேகத்திலும், இறங்கியதாயின் தந்தி வேகத்திலும் களத்துக்கு வந்து சேரும். இவ்விரண்டு வேகங்கட்கும் இடைப்பட்டதே இடைநின்றாரின் ஊதியம்.

சந்தையில் விலை பேசிய முறையும் இதற்குத் துணையாயிற்று. தரகரும் வாங்குவோரும் ஒரு துண்டின் கீழே கைகளை வைத்து, விரல்களைத் தொட்டு விலை முடிப்பது தென்னாட்டுச் சந்தைகளில் பரவியிருந்த வழக்கம். பொருளுக்குடையவன் அருகிலேயே நிற்பான். துண்டின் கீழே நடந்தது அவனுக்குத் தெரியாது. பின்னர் எடையில் ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, கோயிலுக்கென்றும் தருமத்துக்கென்றும் ஒரு கழிவு, மாதிரிக்கென அள்ளிய கைப்பிடிகள் வேறு. இவையனைத்தும் போக எஞ்சியதே அவன் மடிக்கு வரும்.

இவ்விடத்தில் இடைநின்ற வணிகரை மட்டும் பழித்துவிட்டு அப்பாற் செல்லுதல் நியாயமாகாது. நம்மவருள்ளும் மண்டி நடத்தியவர் இருந்தனர். மணிலா விளைத்தவரும் இருந்தனர். விதைக்கும் கிஸ்திக்கும் கலியாணத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் அந்த மண்டிக்காரரே. வேறு எந்த வங்கியும் அக்காலத்தில் ஒரு புன்செய்க் குடியானவனுக்குக் கதவு திறக்கவில்லை. மண்டிக்காரரும் தம் முதலைக் கொண்டு மட்டும் இதனைச் செய்யவில்லை. துறைமுகத்து வணிகரிடம் முன்பணம் பெற்றே ஊருக்குக் கடன் கொடுத்தனர். ஆகவே மார்செய்யிலிருந்து மயிலம் பக்கத்துக் கொல்லை வரைக்கும் நீண்ட ஒரு கடன்கயிறு இருந்தது என்க. அதன் ஒரு முனை அறுந்தபோது மறுமுனையில் இருந்தவன் என்னவானான் என்பதே 1930களின் வரலாறு.

1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க்குப் பங்குச்சந்தை சரிந்தது. அச்சரிவு திண்டிவனத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆகவில்லை. எண்ணெய்வித்துக்களின் விலை அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. 1933ஆம் ஆண்டில் பிரான்சு அரசாங்கம், ஆப்பிரிக்காவிலுள்ள தன் குடியேற்ற நாட்டுக் கடலைக்கு ஆதரவாக, அயல்நாட்டு எண்ணெய்வித்துக்களின்மேல் வரி விதித்தது. செனகல் நாட்டுக் குடியானவனுக்கு அது காப்பு. தென்னாற்காட்டுக் குடியானவனுக்கு அஃது அடைபட்ட கதவு. தொலைவிலுள்ள ஒரே சந்தையை நம்பிய வாணிகத்துக்கு வரும் இடர் யாதென்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

விலை பாதியாயிற்று என்றால், செலவும் பாதியானால் தாங்கலாமன்றோ என்று கேட்பார் உளர். ஆகவில்லை. கிஸ்தி ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டது. விலை வீழ்ந்ததற்காக அது தானே குறையவில்லை. பழைய கடனும் ரூபாயில் எழுதப்பட்டது. முன்பு ஒரு கண்டி மணிலா விற்றுத் தீர்த்திருக்கத்தக்க வட்டியைத் தீர்க்க இரண்டு கண்டி விற்கவேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவரோ, தமக்கே நெருக்கடி வந்தமையால், புதுக்கடன் மறுத்துப் பழங்கடனைக் கேட்டனர். அறுவடை முடிந்து களம் நிறைந்திருக்கும் நாட்களே கிஸ்திக்கும் கடனுக்கும் ஆள் வரும் நாட்கள். ஆகவே எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே சந்தைக்கு மூட்டையைக் கொண்டு சென்றனர். ஏற்கெனவே வீழ்ந்த விலை அங்கே மேலும் வீழ்ந்தது. மூன்று திங்கள் பொறுத்திருந்தால் சிறிது ஏற்றம் கிடைக்கலாம் என்று தெரிந்தவனும் பொறுக்க இயலாதவனாயிருந்தான். விலை வீழ்ந்ததனால் கெட்டவனைக்காட்டிலும், அன்றே விற்றாகவேண்டிய நிலையினால் கெட்டவன் மிகுதி என்று நாம் கருதுகின்றோம். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதும் பெரும்பாலும் அதுவே.

1931 செப்டம்பரில் இங்கிலாந்து பொன்னளவையைக் கைவிட்டது. பவுனோடு பிணிக்கப்பட்டிருந்த ரூபாயும் உடன் இறங்கியது. பொன்னின் ரூபாய் விலை ஏறியது. இந்தியாவினின்றும் பொன் வெள்ளமென வெளியே சென்றது. பம்பாயில் கப்பலேறிய அப்பொன்னில் எவ்வளவு கிராமத்துப் பெண்டிரின் காதிலும் கழுத்திலும் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெருக்கடி வந்தபோதெல்லாம் சங்க மேடைகளில் சிக்கனம் உபதேசிக்கப்படுவது வழக்கம். சிக்கனம் நல்லதே. ஆனால் நகையை விற்றுக் கிஸ்தி கட்டியவனிடம் சென்று ஆடம்பரம் கூடாதென்று சொல்லுவதனால் ஆவதொன்றுமில்லை.

மற்றொரு குற்றம் நம் பக்கத்திலும் இருந்தது. அதனை மறைத்தல் தகாது. மணிலாவின் தொலியைக் கையால் உடைக்க எளிதாகும் பொருட்டு அதனை நீரில் நனைத்து உடைப்பது ஒரு வழக்கமாயிருந்தது. ஈரம் எடையையும் கூட்டும். ஆனால் அப்பருப்பு கப்பலின் அடித்தட்டில் வாரக்கணக்கிற் கிடந்து மார்செய் சேரும்போது சிக்கு நாற்றமெடுத்து, எண்ணெயும் காறிப்போகும். வாங்கியவன் அடுத்தமுறை நனைத்த பருப்பை அனுப்பியவன் எவன், உலர்ந்த பருப்பை அனுப்பியவன் எவன் என்று பிரித்தறிய இயலாதவனாய், அனைவர்க்கும் விலையைக் குறைத்தான். செழிப்பான காலத்தில் இது பொறுக்கப்பட்டது. மந்த காலத்தில் வாங்குவோன் நூறு குறை சொல்லத்தக்கவன். அப்போது தரமறியாப் பண்டமே முதலில் தள்ளுண்டது. உலர்வாக உடைக்கும் இயந்திர ஆலைகள் பெருகியபின்னரே இக்குறை நீங்கிற்று.

இனி, நிவாரணமாக எழுந்தவற்றைக் கூறுவோம். 1928ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்ட அரச வேளாண்மைக் குழு, எடையும் விலையும் வெளிப்படையாக அமைந்த ஒழுங்குபட்ட சந்தைகள் வேண்டுமென வற்புறுத்தியது. மந்தத்தின் நடுவிலேயே, 1933ஆம் ஆண்டில், சென்னை வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் முதற்சந்தை 1936இல் திருப்பூரில் பருத்திக்கு அமைந்தது. தென்னாற்காட்டில் மணிலாவுக்கும் விற்பனைக்குழு பின்னர் ஏற்பட்டது. விளைவிப்போரின் பிரதிநிதிகளும் வணிகரும் ஒருங்கே அமர்ந்த குழு, முத்திரையிட்ட எடைக்கல், எழுதியறிவிக்கும் விலை, அனுமதிக்கப்படாத கழிவுகட்குத் தடை ஆகியவை இதன் உறுப்புக்கள். துண்டின் கீழே மறைந்திருந்த கை வெளியே வந்தது இச்சட்டத்தினாலேதான். 1936இல் சென்னை மாகாணக் கூட்டுறவு விற்பனைச் சங்கமும் தோன்றியது. விளைபொருளைக் கிடங்கில் வைத்து அதன்மேற் கடன் பெறும் முறையைக் கூட்டுறவுச் சங்கங்கள் பரப்பின.

1938ஆம் ஆண்டில் இராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது இயற்றப்பட்ட விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் நேராகக் கடனைத் தொட்டது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் ஏற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளில் நின்ற வட்டி முழுதும் தீர்ந்ததாக அச்சட்டம் கொண்டது. அசலின் இருமடங்கு செலுத்தியிருந்தவனுக்குக் கடனே தீர்ந்தது. கடன் கொடுத்தோர் மனம் வருந்தினர்; இனிக் கடன் கிடைக்காதென்று எச்சரித்தனர். அவர்கள் எச்சரிக்கையில் சிறிது உண்மையும் இருந்தது. ஆயினும் விலை பாதியான பின்னரும் பழைய ரூபாயையே முழுதும் கேட்பது நீதியோ என்னும் வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை. அதே பத்தாண்டுகளில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்தமையும் குறிப்பிடத்தக்கது. 1940இல் அது வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் மணிலா வகை இந்தியாவின் பல பகுதிகளிற் பரவியது. அப்பெயரிலுள்ள மூன்றெழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பனவே.

மணிலாவை விட்டு, தொலைவாணிகத்தின் மற்றொரு வகையையும் ஒரு சிறிது நோக்குவோம். இணையக்கடை நடத்தும் நம் இளைஞர்க்கு இதுவே நேரான முன்னோடி. 1877ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. பட்டணத்துக் கடைக்காரர் பார்சலை அஞ்சலில் இடுவார். கிராமத்தில் அதனைப் பெறுவோர் தபால்காரரிடம் பணம் கொடுத்தபின் வாங்கிக்கொள்வார். பணம் மணியார்டராகக் கடைக்குத் திரும்பும். திருத்துறைப்பூண்டியிற் பிறந்த எஸ். எஸ். வாசன் அவர்கள் சென்னையில் விளம்பர முகமையும் அஞ்சல்வழி விற்பனையும் நடத்தி, அதிற் கற்ற பாடத்தைக் கொண்டு, 1928இல் ஆனந்த விகடன் பத்திரிகையை 200 ரூபாய்க்கு வாங்கினார். அடுத்து வந்த மந்தத்தில் அப்பத்திரிகை மடியவில்லை, வளர்ந்தது. கையிற் காசு குறைந்தவனும் சிறு விலைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை விடுவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். ஆனால் வி.பி.பி.யில் ஓர் இடர் உண்டு. கெட்ட காலத்தில் ஆசையால் எழுதிக் கேட்டவர், பார்சல் வரும் நாளில் காசில்லாமல் திருப்பிவிடுவார். போகவும் வரவும் ஆன செலவு கடைக்காரர் தலையில் விழும். சரக்கும் முதலும் வழியிலேயே கிடக்கும். பொருள் வந்தபின் பணம் என்னும் இக்கால இணையக்கடை முறை இதன் மறுபிறப்பே. திரும்பிவரும் பொதியினால் வாடுகின்ற சிறுகடைக்காரர் இன்றும் உளர்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவற்றை விரைந்து கடப்போம். 1959இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 1987இல் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்தல் சட்டமும் வந்தன. 1993 செப்டம்பர் 30இல் தென்னாற்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019இல் அதனின்றும் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மணிலாவோடு நெல்லும் உளுந்தும் எள்ளும் குவிந்தன. வணிகர் விலையை எழுதிப் பெட்டியில் இடும் மறைமுக ஏலம் வழக்கமாயிற்று. உள்நாட்டு எண்ணெய்ச் செக்குகளே பெரும் வாடிக்கையாயினமையால் மார்செய் மறந்தே போயிற்று.

2016 ஏப்ரல் 14இல் ஒன்றிய அரசாங்கம் இ-நாம் எனப்படும் தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கியது. எட்டு மாநிலங்களின் 21 சந்தைகளோடு தொடங்கிய அவ்விணையச் சந்தையில் 2020 மே மாதத்துக்குள் 1000 கூடங்கள் சேர்ந்தன. நம் மாவட்டத்துக் கூடங்களும் அதில் இடம்பெற்றன. மாநிலம் முழுதுக்கும் ஒரே வணிக உரிமம், ஒரு முனையில் மட்டும் கட்டணம், மின்னேலம் என்னும் மூன்றும் இதிற் சேர்வதற்கு நிபந்தனைகள். திண்டிவனத்தில் இறக்கிய மூட்டைக்கு ஈரோட்டு வணிகரோ ஆந்திரத்து ஆலைக்காரரோ தம் இருப்பிடத்திலிருந்தே விலை கேட்கலாம் என்பது இதன் கருத்து. மாட்டுவண்டி வேகத்துக்கும் தந்தி வேகத்துக்கும் இருந்த இடைவெளியை ஒழிக்கவே இது முனைந்தது என்று நம் வாசகர் உணர்வர்.

இதன் வலிமை விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 2020 மார்ச் 25இல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 விழுக்காடு சுருங்கியதென முதற்கணக்கு கூறிற்று. மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையினின்று ஊர் திரும்பிய கூலியாட்களாலும் வணிகர்களாலும் விழுப்புரம் மாவட்டத்தில் நோய்த்தொற்று ஒருசில நாட்களிற் பன்மடங்கானதை எவரும் மறந்திரார். மே 5இல் கோயம்பேடு மூடப்பட்டது. நம் பக்கத்துக் காய்கறிக்குக் கோயம்பேடு எதுவோ, நம் பாட்டன்மாரின் மணிலாவுக்கு மார்செய் அதுவாயிருந்தது. ஒரே கதவு, அதுவும் அடைபட்டது.

இணையக்கடைகள் அப்போது தடையின்றி நடந்தன என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. உணவும் மருந்தும் போன்ற இன்றியமையாப் பொருள்களை மட்டுமே அவை கொண்டுசெல்லலாம் என்று விதிக்கப்பட்டது. ஏப்ரல் 20 முதல் மற்றப் பொருள்களையும் விற்கலாமென்று கூறிய ஆணை, அந்நாள் வருமுன்னரே, ஏப்ரல் 19இல் திரும்பப் பெறப்பட்டது. துணியும் பாத்திரமும் விற்கத் தொடங்கியிருந்தவர்கள் சரக்கை வைத்துக்கொண்டு மே மாதம் வரை காத்திருந்தனர். கம்பி அறாவிட்டாலும் வண்டி நின்றுவிட்டால் வாணிகம் நின்றுவிடும் என்பதை இவர்கள் நேரிற் கண்டனர்.

வேளாண்மைக்கு மட்டும் ஓரளவு வழி திறந்திருந்தது. 2020 ஏப்ரல் மாதத்தில் இ-நாமில் புதுப்பகுதிகள் சேர்க்கப்பட்டன. பதிவுபெற்ற கிடங்கில் சரக்கை வைத்துக்கொண்டு, கூடத்துக்கு வராமலே ஏலமிடுதல் ஒன்று. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தம் சேகரிப்பு நிலையத்திலிருந்தே விற்றல் மற்றொன்று. கூட்டம் கூடலாகாத நாட்களில் இவை பொருத்தமானவையே. ஆனால் இ-நாம் வாணிகத்திற் பெரும்பகுதி இன்றளவும் ஒரு கூடத்துக்குள் அக்கூடத்து வணிகர்களாலேயே நடைபெறுகின்றது; தொலைவூர் வணிகர் விலை கேட்பது அரிது. காரணம் தேடி அலையவேண்டுவதில்லை. ஈரப்பதம், கல்மண், சொத்தை ஆகியவற்றைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகம் கூடத்தில் இருந்தாலும், அச்சான்றைக் காணாத ஊரிலிருந்து நம்புவதற்கு வணிகர் தயங்குகின்றனர். நனைத்த பருப்பின் நினைவு நம்மிடம் அழிந்திருக்கலாம்; வாங்குவோர் கூட்டத்தில் அழியவில்லை. மேலும், பழைய மண்டிக்காரரிடம் வாங்கிய முன்பணம் குடியானவனை அவரிடமே இழுக்கின்றது. திரையில் எந்த விலை தோன்றினும் கடன்பட்டவனுக்கு அது பிறனுடைய விலையே.

ஆகவே இணையத்தில் வாணிகம் நடத்த எண்ணும் நம் சங்கத்து அன்பர்கள், எந்தத் திரை, எந்தச் செயலி என்று ஆராயுமுன், மந்தத்தில் எத்தனை நாள் விற்காமல் இருக்கமுடியும் என்று கணக்கிடுதல் நலம். விளைவிப்போர்க்கு இதற்கென ஒரு வசதி விற்பனைக்கூடங்களிலேயே உளது. பொருளீட்டுக் கடன் என்னும் முறையில், மூட்டையைக் கூடத்துக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெற்றுச் சில திங்கள் பொறுத்து விற்கலாம். பதிவுபெற்ற கிடங்குகள் வழங்கும் மின்னணுச் சீட்டைக் கொண்டு வங்கியிலும் கடன் பெறலாம். இச்சீட்டு 2007ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டத்தின் வழி வந்தது. இருந்தும் இவ்வசதியை நாடுவோர் நம்மில் சிலரே. அதற்கு ஒரு காரணம் அறியாமை. மற்றொரு காரணம், சீட்டையும் கையெழுத்தையும்விட நகை விரைவிற் பணமாகும் என்னும் பழக்கம்.

2020 ஆகஸ்டு 6இல் ரிசர்வ் வங்கி, நகையின் மதிப்பில் 75 விழுக்காடு வரை மட்டுமே வங்கிகள் கடன் தரலாமென்றிருந்த வரம்பை, 2021 மார்ச் இறுதிவரை, 90 விழுக்காடாக உயர்த்தியது. 1931இல் விற்கப்பட்ட பொன் கப்பலேறித் திரும்பவில்லை. 2020இல் அடகுவைக்கப்பட்ட பொன்னில் மீட்கப்பட்டதும் உண்டு, ஏலத்திற் போனதும் உண்டு. அவ்வாண்டு திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நகையை அடகுவைத்த வீடுகள் பலவற்றில், கடன் பெறத்தக்க மூட்டைகள் கூடத்தின் ஏலத்தில் அப்போதே விற்றுத் தீர்ந்திருந்தன.